தபால் படிப்பு என்று தாழ்த்துவோர்க்கு ஒரு மறுப்பு



“தபால் டிகிரிதானே?” என்னும் ஒரு கேள்வி நம் மஹல்லாக்களில் பல ஆண்டுகளாக உலவி வருகிறது. பெண் பேசச் சென்ற இடத்தில் மாப்பிள்ளை பி.ஏ. படித்தவர் என்று சொன்னவுடன் அது எழும்பும். பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டத்தில் கல்வி உதவி கேட்டு ஒரு விண்ணப்பம் வந்தால், அதைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்பே யாராவது ஒருவர் அதைக் கேட்டுவிடுவார். அத்துடன் விண்ணப்பம் மடித்து வைக்கப்படும். கேட்பவர்களில் பெரும்பாலோர் அந்தத் தபாலையும் எழுதியதில்லை, அந்த டிகிரியையும் பெற்றதில்லை. இந்த ஏளனத்துக்கு மார்க்கத்திலும் ஆதாரமில்லை, சட்டத்திலும் ஆதாரமில்லை. இரண்டையும் எடுத்து வைத்து மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுவோம். திருநெல்வேலியிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில், சிற்றாற்றின் பக்கத்தில் இருக்கிறது கங்கைகொண்டான். மானாவாரிக் காடாகக் கிடந்த அதன் நிலத்தில் இன்று சிப்காட் தொழிற்பேட்டை நிற்கிறது. டயர் செய்கிறார்கள், குளிர்பானம் அடைக்கிறார்கள், சூரிய மின்தகடு உருவாக்குகிறார்கள். மேலப்பாளையத்திலிருந்தும் பேட்டையிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் நம் பிள்ளைகள் வேனிலும் பேருந்திலும் மோட்டார் சைக்கிளிலும் அங்கே வேலைக்குப் போகிறார்கள். காலை ஆறு மணி, பிற்பகல் இரண்டு மணி, இரவு பத்து மணி என்று மூன்று ஷிப்டுகள். இந்த வாரம் பகல் என்றால் அடுத்த வாரம் இரவு. பன்னிரண்டாம் வகுப்போ ஐ.டி.ஐ.யோ முடித்துப் பத்தொன்பது வயதில் உள்ளே போனவர்கள் இருபத்தேழு வயதிலும் அதே இயந்திரத்தின் முன் நிற்கிறார்கள். நேற்று வந்த பட்டதாரி மேற்பார்வையாளராகி அவர்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கிறார். வேலை தெரிந்தவர் இவர். ஆனால் காகிதம் அவரிடம் இருக்கிறது.

இப்பிள்ளைகளைப் பார்த்து “கல்லூரிக்குப் போ” என்பவர்களுக்கு ஒன்று கேட்கிறோம்: வீட்டில் அடுப்பு எரிவது யாருடைய சம்பளத்தில்? வாப்பா இல்லாத வீடு, தங்கையின் நிகாஹ் பாக்கியிருக்கும் வீடு, வெளிநாட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பிவிட்ட அண்ணனின் வீடு என்று நம் தெருவில் எத்தனை வீடுகள்! அந்தப் பிள்ளை வேலையை விட்டுவிட்டு மூன்றாண்டு பகல் கல்லூரியில் உட்கார முடியுமா? முடியாது என்பது கேட்பவருக்கும் தெரியும். ஆகவே அவருக்கு எஞ்சியுள்ள வழி, வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலையிலும் இணையவழியிலும் படிப்பது மட்டுமே. அந்த ஒரு வழியையும் எள்ளி நகையாடினால் அவர் படிக்கவே வேண்டாம் என்றுதான் பொருள். அதையாவது நேராகச் சொல்லிவிடட்டும்.

இனி மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படும் மறுப்புக்கு வருவோம். “உஸ்தாதின் முன் மண்டியிட்டு உட்கார்ந்து பெறுவதே இல்ம், திரையில் பார்ப்பதும் தபாலில் வருவதும் இல்ம் ஆகாது” என்கிறார்கள். கேட்பதற்குப் பக்தியாகத்தான் இருக்கிறது. ஆனால் இவர்கள் ஸஹீஹுல் புகாரியில் கல்வியைப் பற்றிய பாடத்தை ஒருமுறையேனும் முழுமையாக ஓதியிருப்பார்களா என்பது ஐயமே.

அப்பாடத்தில் முறைவைத்துக் கல்வி கற்பதற்கென்றே ஒரு தலைப்பை இமாம் புகாரி (ரஹ்) அமைத்திருக்கிறார்கள். அதில் வரும் செய்தி உமர் (ரலி) அவர்களைப் பற்றியது. அவர்கள் மதீனாவின் மேட்டுப் பகுதியான அவாலியில் குடியிருந்தார்கள். அங்கிருந்து மஸ்ஜிதுந் நபவிக்கு நாள்தோறும் வந்துபோக வாழ்க்கைத் தேவைகள் இடம் கொடுக்கவில்லை. ஆகவே அண்டை வீட்டு அன்ஸாரித் தோழருடன் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒருநாள் அவர் போவார், மறுநாள் இவர்கள் போவார்கள். போனவர் அன்றைய வஹீயையும் செய்திகளையும் கேட்டுவந்து மற்றவருக்குச் சொல்லுவார். கவனியுங்கள்: இந்த உம்மத்தின் இரண்டாம் கலீஃபா தம் கல்வியின் ஒரு பகுதியை நேரில் இல்லாமல், அடுத்தவர் வாய்வழியே, தம் வீட்டிலிருந்தபடி பெற்றார்கள். உழைப்பையும் விடவில்லை, கல்வியையும் விடவில்லை. இன்று கங்கைகொண்டானில் இரண்டு தோழர்கள் மாற்று ஷிப்டில் இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்புக்கு ஒருவர் போய்க் குறிப்பெடுத்து வந்து மற்றவரிடம் கொடுத்தால், அதை இகழ நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

அதே பாடத்தில் இன்னொரு தலைப்பு உண்டு. ஹதீஸ் கலையில் ‘முகாத்தபா’ என்று பெயர் பெற்ற முறை. தொலைவிலுள்ள மாணவருக்கு ஆசிரியர் தம் அறிவிப்புகளை எழுதி அனுப்புவார். மாணவர் அதைக் கொண்டு அறிவிப்பார். ஹதீஸைப் பெறுவதற்கான முறைகளை அறிஞர்கள் வகைப்படுத்தியபோது இதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார்கள். நேரில் கேட்பதைவிட இது ஒரு படி கீழானது என்று சொன்னவர்களும் இதைத் தள்ளிவிடவில்லை. ஆசிரியரின் கையெழுத்துத்தான் என்பது உறுதியாக வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். கூஃபாவுக்கும் மர்வுக்கும் பக்தாதுக்கும் இடையே மடல்கள் போய்வந்த அந்தக் காலத்திலேயே நம் முன்னோர் தபால்வழிக் கல்விக்கு இலக்கணம் வகுத்துவிட்டார்கள். தபால் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் தங்கள் பாரம்பரியத்தை அறியாதவர்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லுகிறோம். குர்ஆனைத் தஜ்வீதோடு ஓதப் பழகும் பிள்ளைக்கு ஆசிரியரின் வாயசைவு எதிரே தெரிய வேண்டும். ‘ளாத்’ எழுத்தின் மக்ரஜைச் செயலியிடம் கற்றுக்கொள் என்று நாம் யாருக்கும் சொல்ல மாட்டோம். எங்கள் மதரஸாவில் அதற்கு இடமுமில்லை. பட்டறைத் தொழிலும் மருத்துவமும்கூட அப்படித்தான், கைபட்டால்தான் வரும். ஆனால் பொருளாதாரமும் வரலாறும் வணிகவியலும் தமிழும் நூலகவியலும் அவ்வகை அல்ல. தன் நேரத்தில், தன் வேகத்தில் வாசித்துக் கற்கக்கூடியவை அவை. எல்லாவற்றுக்கும் ஒரே தராசு என்பது அறியாமை.

வயதைச் சொல்லித் தடுப்பவர்களும் இருக்கிறார்கள். “முப்பது வயதுக்கு மேல் என்ன படிப்பு?” நபித்தோழர்கள் முதுமையிலும் கல்வி கற்றார்கள் என்பதை அதே இமாம் புகாரி அதே பாடத்தில் குறித்து வைத்திருக்கிறார்கள். இஸ்லாத்தை ஏற்றபோது அபூபக்ர் (ரலி) அவர்கள் பாலகரா? இதற்குமேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை. “உலகக் கல்விதானே” என்ற மறுப்பையும் இத்துடன் சேர்த்துக் கடந்து செல்கிறோம். பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்கத்து இணைவைப்பாளர்களில் எழுதத் தெரிந்தவர்களிடம், மதீனத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையே பிணைத்தொகையாக நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் கற்பித்தது தஃப்ஸீர் அல்லவே!

அடுத்தது, மதிப்பில்லாத படிப்பு என்னும் குற்றச்சாட்டு. இங்கே மறுப்பவர்களில் சிலருக்கு உண்மையான அனுபவம் உண்டு, அதனால் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் அஞ்சல்வழிக் கல்வி 1962-இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் தொடங்கியது. அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-இல் அமையும்வரை நெல்லைச் சீமை மதுரையின் ஆளுகையில்தான் இருந்தது. கட்டுக்கட்டாக அச்சிட்ட பாடங்கள் தபாலில் வரும், வாசித்து எழுதிப் பட்டம் பெறுவார்கள். இந்த மாவட்டத்தின் பள்ளிக்கூடங்களிலும் அரசு அலுவலகங்களிலும் பதவி உயர்வு பெற்றவர்களில் பலர் அப்படிப் படித்தவர்களே. உலகமும் அக்காலத்தில் இதே பாதையில்தான் இருந்தது. 1969-இல் அரச சாசனம் பெற்ற பிரித்தானியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது, முன்தகுதி எதுவும் கேட்கவில்லை. தொழிலாளியும் இல்லத்தரசியும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பாடம் கேட்டார்கள். 1974-இல் பாகிஸ்தான் இஸ்லாமாபாத்தில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் கண்டது. பின்னர் அதற்கு அல்லாமா இக்பாலின் பெயர் சூட்டப்பட்டது. நம் நாட்டில் 1982-இல் ஆந்திரம் முதலடி வைத்தது. 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. 2017 முதல் ‘ஸ்வயம்’ தளத்தில் மத்திய அரசு கட்டணமின்றிப் பாடங்களைக் கேட்க வைத்திருக்கிறது, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, அங்கீகாரம் பெற்ற நிறுவனம் தொலைநிலையிலோ இணையவழியிலோ வழங்கும் பட்டம், நேரடிக் கல்லூரிப் பட்டத்துக்குச் சமமானது. 2022 செப்டம்பரில் மானியக் குழு இதை மீண்டும் அறிவித்துத் தெளிவுபடுத்தியது. இனியும் “அது டிகிரியே இல்லை” என்று திண்ணையில் தீர்ப்புச் சொல்பவர், எந்தச் சட்டத்தின்படி சொல்கிறார் என்பதை அவரே விளக்கட்டும்.

ஆயினும் நம் பிள்ளைகள் ஏமாந்திருக்கிறார்கள். எதனால் ஏமாந்தார்கள் என்பதில்தான் நமக்கும் ஏளனம் செய்வோருக்கும் வேறுபாடு. அவர்கள் தொலைநிலைக் கல்வியே பொய் என்கிறார்கள். அதைப் பெறும் ஒழுங்கு மீறப்பட்டதால் வந்த கேடு இது என்று நாம் சொல்லுகிறோம்.

முதல் ஒழுங்கு, படிகளின் வரிசை. பத்தாம் வகுப்பு, பிறகு பன்னிரண்டு, பிறகு பட்டம், பிறகு முதுகலை. இந்த வரிசையைத் தாண்டிக் குதித்துப் பெற்ற பட்டத்தை அரசு வேலைக்கு ஏற்பதில்லை. அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை வழியில் நேரடியாகப் பெற்ற முதுகலைப் பட்டத்தை 2009-இல் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. பள்ளிப் படிகளை முடித்தபின் பெற்ற திறந்தநிலைப் பட்டமே அரசுப் பணிக்குச் செல்லும் என்று தமிழ்நாடு அரசும் அதே ஆண்டு ஆணையிட்டது. இரண்டாவது ஒழுங்கு, எந்தப் படிப்பு என்பது. பொறியியல், மருத்துவம், சட்டம், செவிலியம், மருந்தியல் போன்றவற்றைத் தொலைநிலையில் பட்டமாகப் பெற இயலாது. உரிய அனுமதியின்றித் தொலைநிலையில் வழங்கப்பட்ட பொறியியல் பட்டங்களை 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தபோது, பணியில் இருந்தவர்களே தவித்தார்கள். மூன்றாவது, அந்த நிறுவனத்துக்கு அந்தப் படிப்பை அந்த ஆண்டில் நடத்த மானியக் குழுவின் அனுமதி உண்டா என்பது. இதை மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். பார்க்காமல் பணம் கட்டுகிறோம்.

நபி (ஸல்) அவர்கள் அயல்நாட்டு மன்னர்களுக்கு மடல் எழுத எண்ணியபோது, முத்திரையில்லாத மடலை அவர்கள் வாசிப்பதில்லை என்று சொல்லப்பட்டது. உடனே வெள்ளியில் ஒரு மோதிரம் செய்து அதில் தம் பெயரைப் பொறிக்கச் செய்தார்கள். மேலே நாம் சொன்ன முகாத்தபா என்னும் தலைப்பின் கீழேயே இமாம் புகாரி இந்தச் செய்தியையும் வைத்திருப்பதன் நயத்தை ஓதுகிறவர்கள் உணர்வார்கள். மடல் போதும், ஆனால் முத்திரை வேண்டும். தொலைநிலைப் பட்டத்துக்கும் இதுவே விதி.

இந்த முத்திரையைப் போலியாகக் குத்திக் கொடுக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. “ஒரே வருடத்தில் டிகிரி, தேர்வெழுத வர வேண்டாம்” என்று கைபேசிக்குச் செய்தி அனுப்புகிறவர்கள். அவர்களில் தொப்பி போட்டவர்களும் உண்டு, ஸலாம் சொல்லிப் பேச்சைத் தொடங்குகிறவர்களும் உண்டு. மூன்றாண்டுப் படிப்பை எந்த அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகமும் ஓராண்டில் முடித்துத் தராது, அது நடக்கவே நடக்காது. பணத்துக்கு வாங்கிய சான்றிதழ் பொய்ச்சாட்சி. பொய்ச்சாட்சியைப் பெரும் பாவங்களோடு சேர்த்து எச்சரித்தபோது நபி (ஸல்) அவர்கள் சாய்ந்திருந்த நிலையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்து, போதாதா என்று தோழர்கள் ஏங்கும் அளவுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்தச் சான்றிதழைக் காட்டிப் பெறும் பதவியும் சம்பளமும் யாருடைய வயிற்றுக்குள் போகிறது? நம் குழந்தைகளின் வயிற்றுக்குள். வட்டிக்கு எதிராக மிம்பரில் முழங்கும் நாம் இந்த வியாபாரத்தைப் பற்றி ஒரு ஜும்ஆவிலும் வாய் திறப்பதில்லை என்பது வியப்பாகவே இருக்கிறது.

படிகளின் வரிசை என்றோமே, அது நம் அரபிக் கல்லூரிகளின் வாசலில்தான் கடுமையாக அடிக்கிறது. ஏழாம் வகுப்போ எட்டாம் வகுப்போ முடித்த சிறுவனைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஏழாண்டு கழித்து ஆலிம் ஸனதோடு வெளியே அனுப்புகிறார்கள். அவருக்கு நஹ்வும் ஃபிக்ஹும் ஹதீஸும் தெரியும். ஆனால் அரசின் கண்ணில் அவர் எட்டாம் வகுப்பு. இடையில் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் எழுத வைத்திருந்தால் அந்த இளைஞர் இருபத்தொரு வயதில் திறந்தநிலையில் பட்டப்படிப்பில் சேரலாம். இமாமத்துச் செய்துகொண்டே படிக்கலாம், ஐந்து வேளைத் தொழுகைக்கு இடையில் நேரத்துக்குப் பஞ்சமில்லை. சில கல்லூரிகள் அல்ஹம்துலில்லாஹ் இதைச் செய்கின்றன. மற்றவை “மாணவரின் கவனம் சிதறிவிடும்” என்கின்றன. பத்தாம் வகுப்புத் தேர்வால் சிதறிப்போகும் கவனம், முப்பது வயதில் குறைந்த சம்பளத்தோடு மூன்று பிள்ளைகளை வளர்க்கும்போது சிதறாதா? இந்த நிர்வாகங்கள் பிறர் வீட்டுப் பிள்ளைகளின் எதிர்காலத்தை வைத்துக்கொண்டு பேசுகின்றன. தங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பெரும்பாலும் பொறியியல் கல்லூரியில்தான் சேர்க்கின்றன.

வழி அடைபட்டுவிடவில்லை. பத்தாம் வகுப்பையும் மேல்நிலையையும் தனித்தேர்வராக எழுத அரசுத் தேர்வுகள் இயக்ககம் வழி வைத்திருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. இருபத்தைந்து வயது ஆலிம் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் திறப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. அதைப் பார்த்துச் சிரிப்பவருக்கே வெட்கம்.

ஏன் இவ்வளவு அழுத்தமாகச் சொல்லுகிறோம் என்றால், நம் நிலைமை அப்படி இருக்கிறது. இருபது வயதைக் கடந்த இந்தியர்களில் ஏறத்தாழ 7 சதவீதத்தினர் பட்டமோ பட்டயமோ பெற்றிருக்க, முஸ்லிம்களில் அது 4 சதவீதத்துக்கும் குறைவு என்று 2006-இல் சச்சார் குழு எழுதியது. அடுத்த ஆண்டே தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள்ஒதுக்கீடு சட்டமாயிற்று. அதற்காகக் கூட்டம் போட்டோம், ஊர்வலம் போனோம், நன்றி மாநாடும் நடத்தினோம். அந்த ஒதுக்கீட்டின் வாசலில் முதலில் கேட்கப்படுவது சான்றிதழ். சான்றிதழைப் பெறும் வழியில் நிற்கிறவனைப் பார்த்துத் “தபால் டிகிரி” என்று சிரித்துக்கொண்டே ஒதுக்கீட்டை உயர்த்தித் தா என்று கேட்பது என்ன நீதி?

பெண்களைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. மேலப்பாளையத்தில் தறி ஓய்ந்தபின் எத்தனையோ வீடுகளைத் தாங்கி நின்றது பெண்கள் சுற்றிய பீடி. தட்டை மடியில் வைத்துக்கொண்டு மகளைப் பன்னிரண்டாம் வகுப்புவரை படிக்க வைத்த உம்மாக்கள் பலர் இன்றும் இருக்கிறார்கள். அந்த மகளுக்குப் பதினெட்டு பத்தொன்பதில் நிகாஹ். மாப்பிள்ளை துபையிலோ ரியாதிலோ. இரண்டு குழந்தைகளுக்குப் பிறகு அவளுக்கு இருபத்தைந்து வயது. அவளுக்கு நேரம் இருக்கிறது, மூளை இருக்கிறது, கையில் கைபேசியும் இருக்கிறது. வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம், ஹிஜாபுக்கு ஒரு குறையும் இல்லை, அயலாருடன் கலந்து உட்கார வேண்டாம். கல்லூரிக்கு அனுப்ப எந்தக் காரணங்களைச் சொல்லித் தடுத்தார்களோ அவற்றில் ஒன்றுகூட இங்கே செல்லாது. அப்படியும் தடுக்கிறார்கள். இப்போது காரணம் கைபேசி. “நெட்டில் என்ன பார்ப்பாளோ” என்கிறார் மாமனார். இரவு பன்னிரண்டு மணிவரை அவர் மகன் அதே நெட்டில் என்ன பார்க்கிறான் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நெடுந்தொடருக்குக் கிடைக்கும் அனுமதி பொருளாதாரப் பாடத்துக்குக் கிடைப்பதில்லை.

ஆண்கள் எங்களை முந்திக்கொண்டார்கள், எங்களுக்கென ஒரு நாளை ஒதுக்குங்கள் என்று பெண்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். அவர்கள் ஒரு நாளை ஒதுக்கினார்கள், அந்நாளில் பெண்களிடம் சென்று கற்பித்தார்கள். கேட்ட பெண்களைக் கடிந்துகொள்ளவில்லை. அந்த ஸுன்னத்தைப் பின்பற்றுவதாகச் சொல்லும் வீட்டில் மருமகள் ஒரு மணி நேரம் கேட்டால் அது குழப்பமாகிவிடுகிறது. விதவையாகவோ தலாக் பெற்றவளாகவோ அவள் நாளை பிறந்தகத்துக்குத் திரும்பி வந்தால், அவள் கையில் என்ன இருக்கும் என்பதை அவளைப் பெற்றவர்களாவது எண்ணிப் பார்க்க வேண்டாமா?

தொலைநிலைக் கல்வியின் உண்மையான குறை வேறொன்று. அதை ஏளனக்காரர்கள் தொடுவதே இல்லை, ஏனென்றால் அதற்கு மருந்து அவர்கள் கையில் இருக்கிறது. அந்தக் குறை தனிமை. சேரும்போது ஆர்வம் இருக்கும். புத்தகக் கட்டு வரும், அல்லது இணையத்தில் பாடத்தொகுதி திறக்கும். முதல் மாதம் வாசிப்பார்கள். இரண்டாம் மாதம் இரவு ஷிப்ட். பகலில் தூங்க வேண்டும், வீட்டிலோ குழந்தைகளின் சத்தம். ஒப்படைப்பு எழுதி அனுப்பும் நாள் தவறும். “ஹஸரத், இந்த ஞாயிறும் டூட்டி போட்டுட்டாங்க, கிளாஸுக்குப் போக முடியல” என்று எங்களிடம் சொல்லும் பிள்ளைகளின் முகத்தில் முதலில் வருத்தம் இருக்கும், அடுத்த பருவத்தில் வெறுமை இருக்கும், பிறகு பேச்சையே எடுக்க மாட்டார்கள். இணையம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் பிழை. நேர்முக வகுப்பின் பேருந்துச் செலவை இணையம் மிச்சப்படுத்தும். சோர்ந்து உட்காருகிறவனின் தோளைத் தட்டி எழுப்ப அதனால் முடியாது. பட்டப்படிப்பை மூன்றாண்டில்தான் முடிக்க வேண்டும் என்பதில்லை, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஆறாண்டுவரை அவகாசம் உண்டு. ஒரு பருவம் தவறியதாலேயே எல்லாம் போய்விட்டது என்று எண்ணி விட்டுவிடும் பிள்ளைக்கு இந்த ஒரு செய்தியைச் சொல்லவும் ஆளில்லை.

ஆள் ஏன் இல்லை? ஊருக்கு ஊர் பள்ளிவாசலை ஒட்டி ஒரு ஹால் கட்டியிருக்கிறோம். குளிர்சாதனமும் வைத்திருக்கிறோம். நிகாஹ் நாட்களும் ரமளானும் போக, இஷாவுக்குப் பிறகு அது பூட்டிக் கிடக்கிறது. காலை மக்தப் முடிந்து பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் மதரஸா அறைகளும் மாலைவரை வெறுமையாகத்தான் கிடக்கின்றன. இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர் இரண்டு மணி நேரம் உறங்கி எழுந்து, லுஹரையும் தொழுதுவிட்டு அமைதியாக உட்கார்ந்து படிக்க அதைவிட நல்ல இடம் எது? நான்கு மேசை, மின்விசிறி, இணைய இணைப்பு, பழைய மாணவர்கள் தந்துவிட்டுப் போகும் பாடநூல்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வாரத்துக்கு இரண்டு மாலை வந்து உட்கார்ந்தால் போதும். ஓய்வு பெற்ற ஆசிரியர் இல்லாத மஹல்லா நெல்லையில் எங்கே இருக்கிறது? பெண்களுக்குத் தனி நேரமும், முடிந்தால் ஓர் ஆசிரியையும். மஸ்ஜிதுந் நபவியின் திண்ணையில் தங்கிக் கற்ற ஸுஃப்பாத் தோழர்களைப் பற்றி மணிக்கணக்கில் பயான் செய்கிறோம். அந்தத் திண்ணையும் பள்ளிவாசலை ஒட்டித்தானே இருந்தது.

கட்டணத்துக்கும் வழி உண்டு. அரசுத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் ஒரு கலைப் பட்டத்தின் முழுக் கட்டணமும் நம் வலீமாக்களில் வீணாகும் பிரியாணியின் விலைக்கு வராது. ஃபகீர், மிஸ்கீன் என்னும் வரையறைக்குள் அடங்கும் மாணவருக்கு ஜகாத்திலிருந்தே கொடுக்கலாம். தொகையை அவர் கையில் கொடுத்து அவரையே கட்டணம் செலுத்தச் செய்வது பேணுதலானது. அந்த வரையறைக்குள் வராத, ஆனால் கடன்பட்டு மூச்சுத் திணறும் ஷிப்ட் தொழிலாளிக்குப் பைத்துல்மாலின் பொது நிதியிலிருந்து வட்டியில்லாக் கடனாகக் கொடுக்கலாம். அவர் மாதச் சம்பளக்காரர், திருப்பித் தருவார்.

தொழிற்சாலைகளிடமும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. தேர்வு நாட்களிலும் நேர்முக வகுப்பு நாட்களிலும் வார விடுமுறையை மாற்றிக்கொள்ளும் உரிமை. ஒருவர் தனியே கேட்டால் மேற்பார்வையாளரின் மனநிலையைப் பொறுத்தது. ஜமாஅத்தும் ஊராட்சியும் தொழிற்சங்கமும் சேர்ந்து, முஸ்லிம் பிள்ளைக்கு மட்டுமன்றி அந்த வளாகத்தில் படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் எழுத்தில் கேட்டால் மறுப்பது எளிதல்ல. கங்கைகொண்டானில் புள்ளிமான்களுக்கென்று 2013-இல் அரசு ஒரு சரணாலயம் அறிவித்தது, நல்ல காரியம். படிக்கும் தொழிலாளிக்கு நாம் கேட்பது அவ்வளவு நிலமில்லை, பருவத்துக்கு நான்கைந்து ஞாயிற்றுக்கிழமைகள்தான்.

சேர்க்கை ஆண்டுக்கு இருமுறை, ஜனவரிப் பருவம் ஒன்று, ஜூலைப் பருவம் ஒன்று. அடுத்த பருவம் தொடங்குவதற்கு முன் தங்கள் மஹல்லாவில் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்ட வேலைபார்க்கும் இளைஞர்கள் எத்தனை பேர், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாத ஆலிம்கள் எத்தனை பேர், படிக்க விரும்பும் மணமான பெண்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவரட்டும். சந்தாக் கணக்குப் புத்தகத்தில் வீடுவாரியாகப் பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அருகில் இன்னொரு பத்தி வரைந்தால் போதும். ஹால் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் அந்தத் தாளிலேயே குறித்துவிடுங்கள்.

வஸ்ஸலாம்.